பரவைக்கடலுக்கு வேலி

அந்தோனி அண்ணை, எங்கள் கடலுக்கு வேலி போட விட்டது நீங்கள்தான். வேறு யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. கடலட்டைப் பண்ணை போட வந்தவர்கள் வெளியாட்கள். அவர்களுக்கு எங்களைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

வாசிக்கிறவர்களுக்கு அந்தக் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் அதற்குள் கால் வைத்தால் முதலில் தெரிவது தண்ணீர் அல்ல, சேறு; இளஞ்சூடாக, விரல்களுக்கு இடையால் மேலே வரும். ஊர்காவற்றுறைப் பட்டினத்தின் பின்புறம், கூரை போன பழைய கல்வீடுகளின் சுவர்களுக்கு மேல் தகரம் போட்டுக்கொண்டு இருந்த எங்களுக்குக் காணி இல்லை, வள்ளம் இல்லை. முழங்காலில் தொடங்கி நெஞ்சுவரை ஆழமுள்ள அந்தப் "பரவைக்கடல்" மட்டும்தான் இருந்தது. மாரி முடிந்து சோளகக் காற்று எழும்புவதற்கு முந்திய மாதங்களில் அதில் அலையே இராது. எது வானம் எது தண்ணீர் என்று பிரிக்க முடியாத வெளிறிய வெளிச்சத்தில், அம்மாவும் ஒழுங்கைப் பெண்களும் வரிசையாகக் குனிந்து, சேற்றைக் கைகளால் தடவித் தடவி இறால் பிடித்து, இடுப்பில் கட்டிய ஓலைப் "பறி"க்குள் போட்டுக்கொண்டே போவார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் அவர்கள் நடப்பது தெரியாது. மெல்ல மிதந்து போவது போலத்தான் இருக்கும். அம்மா போன இடமெல்லாம் தண்ணீர் கலங்கி ஒரு வெள்ளைத் தடம் நீண்டு கிடக்கும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான் அந்தத் தடத்தை மிதித்துக்கொண்டு பின்னால் போவேன். கடல் முடியும் இடம் என்று ஒன்று இருப்பதாக எனக்கு அப்போது தோன்றியதே இல்லை.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, அந்தக் கடல் முழுவதும் தடி நட்டுச் சிறகுவலை கட்டப்போவதாகச் சம்மாட்டி சொன்னார். எங்கள் கரையில் அதிக வள்ளங்கள் அவருக்குத்தான். கரைச் சங்கத்தின் தலைவரும் அவரே. தடி நட்டால் பெண்கள் நடக்க இடம் இருக்காது. ஆனால் வள்ளம் உள்ளவர்களும் வள்ளத்தில் போகிறவர்களும்தான் சங்கத்தில் அங்கத்தவர்கள். எங்கள் அம்மாமார் சங்கக் கட்டடத்தின் யன்னலுக்கு வெளியே நின்று கூட்டத்தைக் கேட்பார்கள்.

ஒரு பின்னேரக் கூட்டத்தில், எங்கள் பக்கத்து வீட்டுத் திரேசா அக்கா யன்னலை விட்டு வாசலுக்கு வந்தா.

"வள்ளமில்லாத ஆக்களுக்கு இஞ்ச என்ன அலுவல்? நீர் வெளியில நில்லும், திரேசா" என்றார் சம்மாட்டி.

"ஓம், நிக்கிறன். ஒண்டு கேட்டுப்போட்டு நிக்கிறன். நீங்கள் வள்ளத்தைக் கடலுக்கு அனுப்பிப்போட்டுக் கரையில கதிரை போட்டு இருக்கிறியள். நாங்கள் வள்ளமில்லாமல் கடலுக்க நிக்கிறம். இதில ஆர், சம்மாட்டியார், கடற்றொழிலாளி?"

கூலிக்குப் போகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். சம்மாட்டியின் வள்ளத்தில் கூலிக்குப் போன நீங்கள் எழும்பினீர்கள், அந்தோனி அண்ணை. "கடைசியா எப்ப உங்கட கால் நனைஞ்சது, சம்மாட்டியார்?" என்று கேட்டீர்கள். "மழைக்க நனைஞ்சிருக்கும்" என்று பின்னால் ஒருவர் சொன்னார். அந்தச் சிரிப்போடுதான் பெண்களைச் சங்கத்தில் சேர்த்தார்கள்.

பிறகு தலைவர் தெரிவு வந்தது. ஒரு பக்கம் சம்மாட்டி, மற்றப் பக்கம் நீங்கள். சம்மாட்டியின் பெயரைச் சொன்னபோது எங்கள் பெண்கள் எல்லோரும் கை தூக்கினார்கள். உங்கள் பெயரைச் சொன்னபோதும் எல்லோரும் தூக்கினார்கள். எண்ணிய செயலாளர் தலையைச் சொறிந்தார்.

"இருக்கிற தலையளை விடக் கை கூடிப்போச்சு. செத்த ஆக்களும் வந்திட்டினமோ?"

"ரெண்டு பேரும் வீட்டை வந்து கேட்டவை" என்றா அம்மா. "கேட்ட ஆளுக்கு முகத்துக்கு நேர இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"அடியே, ஒருத்தருக்கு ஓமெண்டால் மற்றவருக்கு இல்லையெண்டுதான். கலியாணம் கட்டேக்க எத்தினை பேருக்கு ஓமெண்டனீ?" என்றா திரேசா அக்கா.

திரும்பவும் தூக்கச் சொன்னார்கள். இந்த முறை சம்மாட்டி எழும்பி நின்று ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தார். நாங்கள் குடிக்கத் தண்ணீர் அள்ளிய கிணறு அவருடைய வளவுக்குள் இருந்தது. அதை அவர் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை. அவர் பெயரைச் சொன்னபோது அம்மா, பக்கத்தில் நின்ற என் கையைத் தன் வலது கையால் பிடித்துக் கீழே அழுத்தி வைத்திருந்தா. விரல்கள் நொந்தன. உங்கள் பெயர் வந்த பிறகுதான் அந்தக் கை என்னை விட்டு மேலே போனது.

நீங்கள் வென்றீர்கள். அடுத்த நாள் சம்மாட்டியின் படலை பூட்டிக் கிடந்தது. அந்தக் கோடை முழுவதும் பெண்கள் கோவில் கிணறு வரைக்கும் வெயிலில் நடந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒருவர்கூடப் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. பரவைக்கடலில் யாரும் தடி நடக்கூடாது என்பதுதான் நீங்கள் தலைவராக எடுத்த முதல் தீர்மானம். அதன் பிறகு வந்த விடியல்கள் இன்றைக்கும் எனக்குக் கனவில் வருகின்றன: அசையாத தண்ணீர், குனிந்த முதுகுகள், எங்கேயோ தொடங்கி ஒவ்வொரு வாயாகக் கைமாறி வரும் ஒரு பகிடி, அது எங்களிடம் வந்து சேர முன்னமே கேட்டுவிடும் சிரிப்பு.

இப்போது அங்கே தடிகளும் வலைகளும் நிற்கின்றன. நடுவில் ஒரு காவல் கொட்டில். "கரையால போங்கோ அம்மா, இது பண்ணை. உங்கட சங்கம்தான் சம்மதம் தந்தது" என்கிறான் காவலுக்கு நிற்கும் பொடியன். இன்றைக்கும் அதன் தலைவர் நீங்கள்தான். எந்தக் கூட்டத்தில் தந்தது? ஒரு பெண்ணையும் யாரும் கூப்பிடவில்லை. திரேசா அக்கா இதைப் பார்க்க முன்னமே செத்துப்போனா. வேறு பிழைப்புத் தெரியாத அம்மா இன்னும் விடிய எழும்பி இறங்குகிறா. வலை வரைக்கும் போய், வெறும் பறியோடு திரும்பி வருகிறா. "அந்தோனிக்கு என்ன நெருக்குவாரமோ" என்று உங்களுக்காக என்னோடு சண்டை பிடிக்கிறா.

அம்மா மன்னிக்கலாம். நான் மன்னிக்கவில்லை. சங்கத்தைக் கூட்டுங்கள். பெண்கள் எல்லோரையும் கூப்பிடுங்கள். எங்களைக் கேட்காமல் ஏன் சம்மதம் கொடுத்தீர்கள், நாளைக்கு விடிய அவர்கள் எந்தத் தண்ணீரில் இறங்குவது? இந்த இரண்டுக்கும் அவர்கள் முகத்தைப் பார்த்து, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிப் பதில் சொல்லுங்கள்.