குப்புவின் மஞ்சள் புள்ளிகள்

சோனாங்குப்பத்துக் குப்பு மீன் விற்கும் பெண்மணி. இரவு படுக்கும் முன் ஒரு முறையும், விடியுமுன் துறைமுகத்துக்குக் கூடையை எடுக்கும்போது மறுமுறையும் அவர் ஒரு விண்மீனைப் பார்ப்பார். திருவோணத்துக்குத் தெற்கே இருக்கும் அது ஏறத்தாழ வாரத்துக்கொரு முறை மங்கி மீண்டும் ஒளிரும். பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு அதன் ஒளியை மதிப்பிடுவது எங்கள் வானியல் குழுவின் வேலை. கடற்கரையில் நாங்கள் தொலைநோக்கியில் நிலாவைக் காட்டியபோது வரிசையில் நின்றவர், "இத மட்டுந்தான் பாப்பீங்களா?" என்று கேட்டுக் குழுவில் சேர்ந்தார்.

2010 ஆகஸ்டில், அனைவரின் மதிப்பீடுகளையும் அண்ணாமலை நகரில் என் கணினியில் ஏற்றினேன். அந்த மென்பொருளை நானே தட்டுத்தடுமாறிக் கற்றிருந்தேன். ஒருவருக்கு ஒரு கோப்பு, ஒரு நிறம். எல்லாவற்றையும் ஒரே கால அச்சில் சேர்த்து, விண்மீன் மங்கி ஒளிரும் ஒரு சுற்றின் அளவுக்கு மடித்தால், சிதறிய புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே ஒளி வளைவாக வேண்டும். குழுச் செயலர் மணவாளன் எதையும் சற்றுக் கூடுதலாகவே மதிப்பிடுவார். அவருடைய வளைவை மொத்தமாகக் கீழே இறக்கியதும் பொருந்திவிட்டது. குப்புவின் மஞ்சள் புள்ளிகளிலோ, படுக்கும் முன் பார்த்தவை வளைவில் அமர்ந்தன. விடியுமுன் பார்த்தவை விலகி நின்றன. ஏற்றியும் இறக்கியும் பயனில்லை.

"தூக்கக் கலக்கத்துல பாத்துருப்பாங்க. நாளைக்கு அறிக்கைய அனுப்பணும், தூக்கிடு மச்சான்," என்றார் மணவாளன்.

காரணம் கேட்காமல் நீக்கப்படுவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். முந்தைய ஆண்டு அறிக்கையில் என் பெயர் அப்படித்தான் போயிற்று. அதன் அச்சிட்ட வரைவுகள் எல்லாம் என் கோப்புறையில் உள்ளன. குப்புவைத் தொலைபேசியில் அழைத்தேன். வியாபாரம் முடித்து, மதியப் பேருந்தில் வெறுங்கூடையுடன் வந்து சேர்ந்தார். மணவாளன் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"தூக்கக் கலக்கமா? நான் மீனு எடுக்குற நேரம்ணே அது. கலக்கத்துல எடுத்தா என் பொழப்பு என்னாவறது?"

"கோவிக்காதம்மா. பாத்துட்டு எப்படி எழுதுவன்னு சொல்லு."

"உள்ள வந்து மணி பாப்பேன். காலண்டர்ல இருக்குற தேதிய எழுதுவேன்."

"காலண்டர்த் தாள யாரு கிழிக்கிறது?"

"எம் மவதான். வாசத் தெளிச்சுக் கோலம் போட்டுட்டுக் கிழிப்பா. பொழுது விடியாம எப்புடிண்ணே அடுத்த நாளு வரும்?"

மணவாளன் உரக்கச் சிரித்தார். அவர் உறுப்பினர்களுக்கு எழுதித் தந்த வழிகாட்டுத் தாளை எடுத்து அவர்முன் வைத்தேன். தேதியும் மணியும் குறிக்க வேண்டும் என்றிருந்தது. தேதி நள்ளிரவில் மாறும் என்று எங்குமே இல்லை.

"இதையுமா வச்சிருக்க?" என்றார்.

விடியுமுன் எடுத்த மதிப்பீடுகளுக்கு மட்டும் ஒரு நாளைக் கூட்டி, கோப்பை மீண்டும் ஏற்றினேன். விலகி நின்ற புள்ளிகள் வளைவில் போய் உட்கார்ந்தன. ஒளி சரியும் பகுதியில் எங்களுக்கு இருந்த இடைவெளியும் நிரம்பியது. மணவாளன் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அறிக்கையில பேரெல்லாம் நீயே அடி மச்சான். உன் பேரையும் சேத்து."

குப்பு திரையை நோக்கிக் குனிந்தார். "இதுல நான் எது?"

"மஞ்சள்."

"வெள்ளையில மஞ்சக் கலரப் போட்டா எவன் கண்ணுக்குத் தெரியும்? நல்லா அரக்குல போடுங்கண்ணே."

அரக்கு நிறத்தில் போட்டு இரண்டு அச்சுப் பிரதி எடுத்தேன். ஒன்று அவருடைய கூடையில் போயிற்று. மற்றது என் கோப்புறையில், பழைய வரைவுகளுக்கு மேலே இருக்கிறது.