பக்கோடாவுக்குப் போன விண்ணப்பம்

என் மகள் நர்சிங்தான் படிக்க வேண்டும் என்று மூன்று வாரம் ஒற்றைக் காலில் நின்றேன். அவள் நல்லதற்காக என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். பொய். என் தாய்மாமாவின் மூக்கை உடைப்பதற்காக. ஐம்பது வயதில், அலமாரி நிறையப் புத்தகம் படித்த பிறகு, பெற்ற பெண்ணை ஆயுதமாகத் தூக்கிக்கொண்டு எழுபத்தைந்து வயதுக் கிழவர் மேல் பாயக் கிளம்பியவன் நான். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை. அப்போது பத்து வயது குறைந்தது போல இருந்தது.

எங்களுடையது அயனம்பாக்கத்தில் ஏரித் தண்ணீரில் பயிர் வைத்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகிவிட்டது; சில வழக்கங்கள் மட்டும் விற்காமல் நின்றுவிட்டன. அதில் ஒன்று: பிள்ளைகள் மேற்படிப்புக்கு எழுதும் விண்ணப்பத்தின் நான்கு மூலையிலும் தாய்மாமன் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்குச் செய்வதைப் போல. மஞ்சள் படாத விண்ணப்பம் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டாது.

பிளஸ் டூ முடித்ததும் நான் இரண்டு விண்ணப்பங்கள் வாங்கி வந்தேன். ஒன்று நர்சிங், ஒன்று பி.காம். மனித சேவைக்காக நர்சிங்கை விரும்பினேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் டைஃபாய்டில் நான் கிடந்த வார்டில் ஓர் ஆண் நர்ஸ் இருந்தார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே பார்க்க வந்த கூட்டம் கலைந்துவிடும். டாக்டரே அவரிடம் தணிந்துதான் பேசுவார். என் பேச்சை எங்கள் வீட்டு ஆடுகூடக் கேட்டதில்லை. எனக்கு அந்த அதிகாரம் வேண்டியிருந்தது.

மாமா அப்போது ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து கையில் பக்கோடாப் பொட்டலத்தோடு வந்தார். நர்சிங் விண்ணப்பத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

"இன்னா மாப்ளே இது, நர்ஸா? வெள்ளத் தாவணி கட்டிக்கினு போவப் போறியா? ஆம்பளப் புள்ள, ஃபேனுக்குக் கீய குந்திக்கினு கணக்கு எய்துறத வுட்டுட்டு..."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் அப்பாவும்தான். பி.காம் விண்ணப்பத்துக்கு நான்கு மூலையும் மஞ்சள் கிடைத்தது. நர்சிங் விண்ணப்பத்தைத் தரையில் விரித்து, மாமா பொட்டலத்தைப் பிரித்து அதன் மேல் கொட்டினார். என் பெயர் எழுதிய இடத்தில் எண்ணெய் ஊறியது.

"துன்னு மாப்ளே, சூடா கீது."

நானும் இரண்டு எடுத்துத் தின்றேன். அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில், போல்ட் செய்கிற ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. தலைக்கு மேல் ஃபேன் இருக்கிறது. மாமா சொன்னதில் அது பலித்தது. இருபத்தெட்டு வருடம் அந்த ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து என்னால் முடிந்த அளவில் பழிவாங்கிக்கொண்டிருந்தேன். குடும்பக் கல்யாணங்களில் அவருக்கு நாற்காலி போடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கி, ஒலிபெருக்கிக்கு நேர் கீழே போட்டேன். குரூப் போட்டோ எடுக்கச் சொன்னால் அவர் தலையை மட்டும் வெட்டி எடுத்தேன். அவர் ஓய்வு பெற்றபோது பேட்டரி இல்லாத பி.பி. மெஷின் பரிசளித்தேன். எதையும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனிக்காத எதிரியைப் போல மனிதனை அரிப்பது வேறில்லை.

இந்த வருடம் என் மகள் பிளஸ் டூ முடித்தாள். உயிரியல், கணக்கு இரண்டும் உள்ள பிரிவு. எந்தப் பக்கமும் போகலாம். அவளும் நர்சிங், பி.காம் இரண்டுக்கும் ஆன்லைனில் விண்ணப்பித்து, இரண்டையும் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்தாள். இரண்டில் ஒன்றுக்குத் திங்கட்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். அந்த இரண்டு தாள்களைப் பார்த்த நிமிடமே என் பழைய பக்கோடா நெஞ்சில் எரிந்தது. மனைவிக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஆகவே மஞ்சள் தடவும் உரிமை சுற்றி வளைத்து மாமாவுக்கே வந்தது. எந்தக் கை அன்றைக்கு என் நர்சிங் விண்ணப்பத்தில் பக்கோடா கொட்டியதோ அதே கை என் மகளுடைய நர்சிங் விண்ணப்பத்துக்கு மஞ்சள் தடவ வேண்டும். தடவி முடித்ததும் நான் கேட்பேன்: "மாமா, இதே மாதிரி ஒரு ஃபாரத்துல நீங்க பக்கோடா துன்னீங்களே, ஞாபகம் கீதா?" இந்த ஒரு வாக்கியத்தைத் தினமும் பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா கோவில்பதாகையிலிருந்து ஆட்டோவில் வந்தார். சர்க்கரைப் புண்ணுக்குப் பாதத்தில் பெரிய கட்டு. தோளில் கட்டுத் துணியும் மருந்தும் வைத்த பை. நான் பி.காம் பிரிண்ட்டை ஃப்ரிட்ஜுக்கு மேல் ஒளித்துவிட்டு, நர்சிங்கை மட்டும் தாம்பாளத்தில் வைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு தட்டு பக்கோடா. கடை தேடிப் போய் வாங்கியது.

மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். நான் பக்கோடாத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நர்ஸா! சபாஷ் கண்ணு!" என்றார் என் மகளிடம். "ஆஸ்பத்திரில என்னப் பாத்துக்கினது ஒரு ஆம்பள நர்ஸு. தங்கமான புள்ள. அவன் மட்டும் இல்லாங்காட்டி காலையே எடுத்துருப்பானுங்க. ஊசி போடறது ராஜா உத்தியோகம்மா."

எனக்கு அழுகை வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எதிரி திருந்திவிட்டார். இப்படி அயோக்கியத்தனம் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை. அவரோ குழைத்த மஞ்சளைத் தொட்டு ஒரு மூலை, இரண்டாவது மூலை என்று ஆனந்தமாகத் தடவிக்கொண்டிருந்தார். மூன்றாவது மூலைக்குத் தாம்பாளத்தைத் திருப்பும்போது அது வைத்திருந்த ஸ்டூலின் ஆணியில் காலின் கட்டு மாட்டி, பிரிந்து விழுந்தது.

என் மகள் சட்டென்று எழுந்து கை கழுவி வந்தாள். மாமாவின் பையிலிருந்து துணியை எடுத்தாள். அவர் சொல்லச் சொல்ல, துடைத்து, மருந்து வைத்து, சுற்ற ஆரம்பித்தாள். முகம் சுளிக்கவே இல்லை. 'பார்த்தீர்களா, ரத்தத்திலேயே இருக்கிறது' என்று சொல்லலாமென்று நான் குனிந்து அந்தப் புண்ணைப் பார்த்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது கூடத்துச் சீலிங். முகத்தில் தண்ணீர். மேலே மனைவி.

"ஏங்க, அவருக்குத்தான் புண்ணு. நீங்க எதுக்குப் படுத்துக்கினீங்க?"

மாமா மூன்றாவது மூலைக்கு விரலை நீட்டினார். "தாத்தா, அதுல வெக்காதீங்க" என்றாள் மகள். நேராகப் போய் ஃப்ரிட்ஜுக்கு மேல் கையை விட்டு பி.காம் தாளை எடுத்துவந்தாள். தரையில் கிடந்த என்னிடம் சொன்னாள்:

"ப்பா, கட்டு போடறது எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல. ஆனா தினமும் செய்யணும்னு தோணல. கணக்குதான் எனக்குப் புடிச்சிருக்கு. உனக்குப் புடிக்கலன்னா ஊர்ல யாருக்குமே புடிக்காதா?"

இருபத்தெட்டு வருடத்தில் அந்த வேலை யாருக்காவது பிடித்துத் தொலைக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மாமா எந்த வருத்தமும் இல்லாமல் அதே மஞ்சளைப் புதுத் தாளின் நான்கு மூலைக்கும் தடவி, சாமி படத்தின் முன் வைத்து எடுத்து, அவள் கையில் கொடுத்தார். அன்றைக்கே பணம் கட்டிவிட்டாள்.

மத்தியானம் மாமாவை ஆட்டோ ஏற்றிவிட வாசல்வரை போனேன். மீதிப் பக்கோடாவைப் பொட்டலம் கட்டி மனைவி அவர் கையில் கொடுத்திருந்தாள். எல்லாம் போய்விட்டது, ஒத்திகை பார்த்த வாக்கியமாவது மிஞ்சட்டும் என்று கேட்டே விட்டேன்.

"மாமா, என் நர்சிங் ஃபாரத்துல பக்கோடா கொட்டித் துன்னீங்களே, ஞாபகம் கீதா?"

மாமா ஆட்டோவில் காலைப் பத்திரமாகத் தூக்கி வைத்துக்கொண்டு, பொட்டலத்தைப் பிரித்தார்.

"மறப்பனா மாப்ளே? அதுக்கு முந்தின வருசம் ஆடி மாசம் அம்மனுக்குக் கோழி அறுத்தப்போ, பாத்துக்கினு இருந்த நீ மயங்கிக் கூழ் அண்டாவுல உயுந்த. உன்ன நர்ஸா அனுப்பி, ஊசி போடுறப்ப பேஷன்ட்டு மேலயே உயுந்தின்னா? ரத்தம் உனுக்கு ஆவாதுன்னு வூட்ல அத்தினி பேருக்கும் தெரியும், உனுக்குத்தான் வெயில் மயக்கம்னு சொல்லி வெச்சோம். இந்தா, ஆறிப்போச்சி, பரவால்ல துன்னு."