அகழி பார்த்த துவாரம்

பேருந்து ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கிளிஃபோர்டு ஆம்ஃப்லெட் டன்னிங்வூட் கோட்டையில் வழிகாட்டியாகச் சேர்ந்தார். சம்பளம் கிடையாது. வாரத்தில் மூன்று நாள், கழுத்தில் அடையாள அட்டை, மாடி அறையில் ஒரு நாற்காலி. வருகிறவர்கள் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: இது நிஜக் கோட்டையா, இல்லை அகழி வெட்டிய பெரிய வீடா?

கேட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மதில் கட்ட அரசரே முத்திரையிட்டு அனுமதி கொடுத்திருக்கிறார் என்பார். அப்புறம் சுவரோரம் அழைத்துப் போய், அகழியைப் பார்த்த துவாரத்தைக் காட்டுவார். எதிரிகள் தலையில் கொதிக்கிற எண்ணெயை இதன் வழியாகத்தான் ஊற்றினார்களாம். பதினோரு வருடம் இந்தக் கதை ஓடியது.

அடுத்த அறை வழிகாட்டி ஈனிட் பர்ஸ்லோ. அவருடைய அம்மா அங்கே ஆட்கள் குடியிருந்த காலத்தில் வேலைக்காரியாக இருந்தவர். ஒருநாள் நாற்பது பேர் கொண்ட கூட்டத்தின் நடுவே ஈனிட் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அது கக்கூஸ் ஓட்டைங்க. இங்க சண்டைன்னு யாரும் வரவே இல்ல. இது வீடுதான்."

கிளிஃபோர்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "அம்மா தரை துடைச்ச வீட்டுக்குப் பொண்ணு சரித்திரம் சொல்றாங்க, கேட்டுக்கங்க."

கூட்டம் சிரித்தது. மறுவாரமே ஈனிட் கோட்டைத் தேநீர்க் கடைப் பக்கம் மாற்றல் கேட்டுப் போய்விட்டார். ஈனிட் அங்கே சேர்ந்த அன்றே கிளிஃபோர்டு ஜெயித்த மிதப்பில் போய், அவர் கையாலேயே வாங்கி இரண்டு ஸ்கோன் ரொட்டி சாப்பிட்டார். அதற்கும் ஒரு மனசு வேண்டும்.

இந்த வசந்தத்தில் அகழியைத் தூர்வாரினார்கள். துவாரத்துக்கு நேர் கீழே எடுத்த சேற்றைத் தொல்லியல்காரப் பெண் சல்லடையில் அலசினாள். அத்திப்பழ விதைகளும் செர்ரிக் கொட்டைகளும் வந்தன. அறுநூறு வருடத்துக்கு முன் யாரோ தின்று கழித்தவை என்றாள். எண்ணெய் இருக்கிறதா என்று கிளிஃபோர்டு கேட்டார். இல்லை. ஓர் அம்பு முனைகூட இல்லை. அகழியும் மதிலும் ஊர் மெச்ச வைத்தவை, அனுமதியும் அந்தப் பெருமைக்கு வாங்கியதுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த வாளியை எடுத்தாள்.

கோட்டை என்ற பெருமை போனது அவருக்கு உறைக்கவில்லை. தரை துடைச்ச வீடு என்று தான் சொன்னதுதான் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. கூசிப் போனார். எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தியதற்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று தேநீர்க் கடைக்குப் போனார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, பக்கத்து மேசைகளுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஈனிட், நீங்க சொன்னது சரி. உங்க அம்மாவ இழுத்துப் பேசினது என் தப்பு."

ஈனிட் அவரைப் பார்த்தார். பிறகு மேசைகளை நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அன்னைக்கு நாப்பது பேர் சிரிச்சாங்க, கிளிஃபோர்டு. இங்க எட்டுப் பேர்தான் இருக்காங்க."

சொல்லிவிட்டு வரிசையில் அடுத்து நின்றவருக்குத் தேநீர் ஊற்றப் போய்விட்டார்.