வேண்டுமானால் சேர்க்கலாம்

இன்ரப்பிறிற்றர் கட்டும் தொழிலில் கட்டுவது எளிது; எதைச் சேர்க்காமல் விட்டோம் என்பதைத்தான் ஆட்கள் வந்து சொல்லவேண்டியிருக்கிறது. இன்ரப்பிறிற்றர் என்பது நாம் எழுதும் நிரலை வரிவரியாக வாசித்துக் கணினியிடம் வேலை வாங்கும் மென்பொருள். ஆயத்தமாகக் கிடைப்பது எனக்கு வாய்க்கும் பழைய கணினிகளில் ஓடாது. ஆகவே மூலநிரலை இறக்கி நானே கட்டுகிறேன். கட்டுமுன் அது ஒரு நீண்ட பட்டியலைக் காட்டும்: இந்தக் கூறு, அந்தக் கூறு, வேண்டுமானால் சேர்க்கலாம். அந்தப் பட்டியலின் முன் உட்கார்ந்து பெருமூச்சு விட்டவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

துவிபாஷி

"இன்ரப்பிறிற்றர் கட்டிக்கொண்டிருக்கிறன், பின்னேரம் எடுக்கிறன்" என்று நான் போனில் சொன்னது மதிலுக்கு அப்பாலும் கேட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு மலர் அக்கா ஒரு கடிதத்தோடு வந்தார். முழுக்கச் சிங்களம். நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கும் துவிபாஷிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான், அவரில் குற்றமில்லை. எனக்குச் சிங்களம் எழுத்துக்கூட்டவும் வராது, நான் கட்டுவது கணினிக்கான துவிபாஷி, அதற்குத் தமிழும் தேவையில்லை என்று விளக்கி, அந்தச் சொல்லின் இலத்தீன் வேரையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சிங்களமும் தெரியாது, தமிழும் தேவையில்லை எண்டால் பிறகேன் தம்பி உதோடை மினக்கெடுறீர்?"

கேள்விக்குறி

அது காணிக் கடிதம் என்று பிறகு தெரிந்தது. காணி உறுதிப்பத்திரங்களில் உள்ள பிழைகளைத் திருத்தக் கொழும்பிலிருந்து உத்தியோகத்தர்கள் ஒருநாள் மட்டும் வருகிறார்கள். பின்னேரம் நாலு மணிக்கு எழும்பிப் போய்விடுவார்கள். தவறியவர்கள் அடுத்த வருகைவரை காத்திருக்க வேண்டும். பிரதேச செயலகம் கேட்டபடி, வருபவர்களின் பெயர்களைப் பதிந்து, அகரவரிசைப்படி இலக்கத் துண்டு அச்சிடும் நிரலை என்னோடு வேலை செய்யும் சுகந்தி எழுதினாள். அதை ஓட்டும் இன்ரப்பிறிற்றரை நான் கட்டினேன்.

தமிழ் எழுத்துகளை ஒழுங்காக எண்ணத் தெரிந்த கூறும் அந்த 'வேண்டுமானால்' பட்டியலில்தான் இருக்கிறது. இடம் மிச்சம் என்று விட்டுவிட்டேன். பெயருக்கு இருபது இடம் ஒதுக்கியிருந்தோம். ஆங்கில எழுத்துக்கு ஓரிடம் போதும். 'லி' ஒன்றே ஆறிடம் பிடிக்கும். துண்டு கொடுத்த அன்று முதலில் வந்தவர் ஜமீலா ரீச்சர். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவர். வாப்பாவின் காணி உறுதியில் பெயர் பிழை. அது திருந்தாமல் அந்தக் காணியில் ஒரு கல்லும் வைக்கமுடியாது. சின்னப் பெயர் என்பதால் முழுதாக அச்சாகியது. இலக்கம் நாற்பத்து மூன்று. "மத்தியானத்துக்கு முந்திக் கூப்பிட்டிருவீங்க, என்ன?" என்று கேட்டுத் துண்டைக் கைப்பையில் வைத்தார். அடுத்தவர் வல்வெட்டித்துறையில் படகு வைத்திருக்கும் வல்லிபுரநாதன். அவருடைய துண்டில் 'வல்லிப' என்று வந்து, அறுந்த எழுத்துக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி நின்றது. கண்ணாடியைப் போட்டு வாசித்தார், கழற்றிவிட்டும் வாசித்தார்.

"வீதியிலை மறிச்சு நீ ஆரெண்டு கேட்டவங்கள் எல்லாம் போயிட்டாங்கள் எண்டு நினைச்சன். நீரும் கேள்விக்குறி போடுறீர்!"

கமலாவும் கனகம்மாவும்

எண்ணும் கூற்றைச் சேர்த்து மறுபடி கட்டினேன். பெயர்கள் முழுதாயின. அதோடு நிறுத்தியிருக்கலாம். உத்தியோகத்தர்கள் வருவதற்கு முதல்நாள் காலை பட்டியலைப் பார்த்தபோது கனகம்மாவுக்குப் பின்னால் கமலா நின்றாள். றன்னகரம் தமிழ் நெடுங்கணக்கின் கடைசி எழுத்து. ஆகவே கமலாதான் முந்தவேண்டும். கணினியோ தன் உள்ளிலக்கப்படி அடுக்கியிருந்தது. அகரவரிசை தெரிந்த கூறும் தனியாக உண்டு, அதுவும் வேண்டுமானால் சேர்ப்பதுதான். சேர்த்தேன். கமலா முந்தினாள். புதிய பட்டியலை அச்சிட்டுச் செயலகப் பலகையில் ஒட்டி, பழைய துண்டுகள் செல்லாது என்று ஒரு வரியும் எழுதினேன். சுகந்தி பலகையைப் பார்த்தாள்.

"சனத்துக்குக் காணி வேணும் அண்ணை. அகரவரிசை உங்களுக்குத்தான் வேணும்."

வடவெழுத்து

கணினியின் உள்ளிலக்கப்படி ஜகரம் சகரத்தை அடுத்து வரும். தமிழ் மரபில் அது வடவெழுத்து. முப்பது எழுத்தும் முடிந்த பிறகே அதற்கு இடம். நான் சேர்த்த கூறு மரபை நன்றாக அறிந்திருந்தது. உத்தியோகத்தர்கள் வந்த அன்று காலையில் ரீச்சர் தன் பழைய துண்டோடு பலகையின் முன் நின்று, மேலிருந்து கீழாக விரலை ஓட்டிக்கொண்டு போனார். விரல் கடைசித் தாளில் நின்றது: நூற்றுப் பன்னிரண்டு.

சுகந்தி உள்ளே போய் உத்தியோகத்தர்களோடு கதைத்துப் பார்த்தாள். பட்டியல் பட்டியல்தான் என்றார்கள். அவர்கள் சொன்னது நான் ஒட்டிய பட்டியலை. நாலு மணிக்கு வகர வரிசையின் நடுவில் கோப்புகளை மூடினார்கள். ஜெயந்தியும் ஜோசப்பும்கூட மிஞ்சினார்கள். அவர்களுக்கு வீடு சைக்கிள் தூரம். ரீச்சருக்குப் புத்தளம் பஸ். அடுத்த வருகை எப்போதென்று சொல்ல ஆளில்லை. நான் அவர் பக்கத்தில் போய் நின்று, பிழை என்னுடையது என்று தொடங்கி, எழுத்துகளின் வைப்புமுறை பற்றி ஏதோ சொல்லப் பார்த்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"பிழை இல்லை தம்பி, சரியாத்தான் அடுக்கியிருக்கிறீங்க. நானும் முப்பது வருசமா ஜானா எழுத்தைக் கடைசியிலதான் படிப்பிச்சனான். அந்த இடத்தில நிக்கிறது நான்தான் எண்டு ஒருநாளும் நினைக்கேல்லை."

இத்தனைக்கும், நான் இதுவரை கட்டியவற்றுள் ஒரு பிழைச்செய்தியும் காட்டாமல் நாள் முழுதும் ஓடி முடித்த இன்ரப்பிறிற்றர் அது ஒன்றுதான்.