பச்சை ஃபைல்

அந்தக் கட்டுமான கம்பெனியில் தபால் வாங்கிப் பிரிப்பவள் எல்லோருக்கும் அக்கா. பதினெட்டு வருடத்தில் அவள் கையில் ஒரு கடிதம்கூடத் தவறியதில்லை. வக்கீல் நோட்டீசோ கோர்ட் சம்மனோ வந்தால் முதலாளி தலை நிமிராமலே சொல்வார்: "இன்சூரன்ஸ் ஃபைல்ல வைம்மா. அவங்க பாத்துப்பாங்க." அக்காவும் தேதி முத்திரை குத்தி, துளை போட்டு, பச்சை ஃபைலில் கோத்துவிடுவாள்.

இவர்கள் எழுப்பிய சுவர் சரிந்து இன்னொரு கட்டுமான கம்பெனியின் கிடங்கை நசுக்கியபோது வந்த சம்மனும் அப்படித்தான் உள்ளே போனது. வாய்தாவுக்கு யாரும் போகவில்லை. இவர்கள் தரப்பில் யாரும் வராததால், நஷ்டஈடு கட்டச் சொல்லி கோர்ட் ஒருதலையாகவே தீர்ப்பெழுதிவிட்டது. வழக்கையே எங்களிடம் சொல்லவில்லையே என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்தது. முதலாளி இன்சூரன்ஸ் கம்பெனி மேலேயே வழக்குப் போட்டார். அக்கா சாட்சிக் கூண்டில் ஏறினாள்.

இன்சூரன்ஸ் வக்கீல் கேட்டார்: "சம்மன் வந்ததை எங்களுக்குத் தெரியப்படுத்தினீங்களா?"

"அதான் இன்சூரன்ஸ் ஃபைல்ல வெச்சேனே."

"அந்த ஃபைல் எங்கம்மா இருக்கு?"

"எங்க ஆபீஸ் பீரோலதான்."

"அதை யாரு திறந்து பாப்பாங்க?"

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மட்டும்தான் சார். அடுத்த சம்மன் வரும்போது."