வேர்க்கிற தளம்

எண்பதுகளில் காரைக்காலில் நான் வீடு கட்டித்தரும் தொழில் செய்துகொண்டிருந்தபோது, சென்னையிலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. சிமெண்டில் கலந்தால் தளம் ஒழுகவே ஒழுகாது என்று ஒரு புதுத் திரவத்தை டின்னில் அடைத்து விற்றார். பேசும்போது எதிரிலிருக்கும் சுவரைச் செல்லமாகத் தட்டிக்கொடுப்பார். மாடி ஏறி ஒரு தளத்தையும் அவர் பார்த்ததில்லை.

குவைத்தில் இருந்த ஒருவருக்காக நான் கட்டிய வீட்டில் அதை வாங்கிக் கலந்தேன். ஐப்பசி மழையில் கூடம் முழுக்கச் சொட்டியது. ஆள் அனுப்பி அந்தப் பிரதிநிதியை வரவழைத்தேன். வந்த மனிதர் கூடத்துக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"இது ஒழுகல் இல்லீங்க. புதுத் தளம்ல, வேர்க்குது."

வீட்டுக்கார அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்: "வேர்வைக்கா தம்பி குடை புடிக்கிறீங்க?"

"சட்டை புதுசுங்கம்மா" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

தளத்தைக் கொத்தி நான்தான் மறுபடி பூசிக்கொடுத்தேன்.

அடுத்த கோடையில், கோட்டுச்சேரியில் பாதி எழும்பிய ஒரு வீட்டின் முன்னால் அதே பிரதிநிதியைப் பார்த்தேன். வீட்டுக்காரர் கைகட்டி அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆள் போனதும் உள்ளே போய் நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும். ஆனா அவரு சொல்றப்பதாங்க நம்பிக்கை வருது" என்றார் வீட்டுக்காரர்.

அப்படி என்ன இருந்தது அந்த ஆளிடம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மழை வந்தபின் அங்கே என்ன காரணம் சொன்னாரோ! எதைச் சொல்லியிருந்தாலும் அந்த வீட்டுக்காரர் தலையாட்டியிருப்பார்.