மூக்கு இருந்த டிஸ்க்

எதை எடுத்தாலும் இரண்டாக வைத்துக்கொள்கிற மனிதர் என்பதால் அவருக்கு ரெட்டையார் என்று பெயர் விழுந்துவிட்டது. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை அவருடையது. சாவி இரண்டு, குடை இரண்டு, படிக்கிற கண்ணாடி இரண்டு. "பொண்டாட்டி மட்டும் ஏன்யா ஒண்ணு?" என்று பக்கத்துக் கடைக்காரர் சீண்டினால், "அந்த ஒண்ணுக்கே பதில் சொல்லி மாளல" என்பார்.

அவருடைய அக்கா செயற்கை மூக்கும் காதும் செய்கிறவர். விபத்திலோ நோயிலோ முகத்தில் ஒன்றை இழந்தவர்களுக்கு முதலில் மெழுகில் பிடித்துப் பார்த்து, பிறகு சிலிகானில் வார்த்துக் கொடுப்பார். அக்காவின் கம்ப்யூட்டரில் ரெட்டையார் இரண்டு டிஸ்க் மாட்டி, ஒன்றில் எழுதுவது அந்த நொடியே மற்றதிலும் எழுதப்படும்படி ஏற்பாடு செய்திருந்தார். "ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும். நீ நிம்மதியாத் தூங்கு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டும் வந்தார். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

அன்று காலை அக்கா போன் செய்தார்.

"டேய், பஸ் டிரைவரோட மூக்கு போச்சுடா!"

"அது ஆபரேஷன்லயே போச்சேக்கா."

"கம்ப்யூட்டர்ல இருந்ததும் போச்சு! பழசையெல்லாம் துடைக்கிறேன்னு அதையும் சேர்த்துத் துடைச்சிட்டேன்."

ரெட்டையார் கடையிலிருந்த கருவிகளைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். டிரைவருக்கு மூக்கில் புற்றுநோய். அறுவை சிகிச்சையில் மூக்கை எடுப்பதற்கு முன்பே அக்கா முகத்தை ஸ்கேன் செய்து வைத்திருந்தார். அது போனால் போனதுதான். மறுபடி ஸ்கேன் எடுக்க முகத்தில் மூக்கு எங்கே இருக்கிறது? மத்தியானம் மெழுகு மூக்கை வைத்துப் பார்க்க அந்த மனிதர் வரப்போகிறார்.

"அதான் ரெண்டு டிஸ்க் இருக்கே?" என்றார் அக்கா, ரெட்டையார் பட்டறைக்குள் நுழைந்ததும்.

"ஒண்ணுல அழிச்சா இன்னொண்ணுலயும் அழிஞ்சிடும்க்கா. டிஸ்க் கெட்டாதான் அது காப்பாத்தும். நாமளே அழிச்சா அதுவும் சேர்ந்து அழிக்கும்."

"அப்ப எதுக்குடா ரெண்டு?"

நல்ல கேள்வி. மாட்டிய அன்றே யாராவது கேட்டிருந்தால் எவ்வளவு புண்ணியமாகப் போயிருக்கும்!

அவர் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தார். இரண்டாவது டிஸ்கின் ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் "என்னமோ கீச்சு கீச்சுன்னு கத்துதுடா" என்று அக்கா சொன்னபோது, ஏன் கத்துகிறது என்று பாராமல் சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டுப் போனவர் இவர்தான். அன்றைக்கே கழன்றிருக்கிறது. அப்படியானால் இந்த டிஸ்கில் அழித்தது எதுவும் வந்து சேரவில்லை! அதற்கும் முன்னால் ஸ்கேன் செய்த மூக்கு உள்ளேதான் இருக்கிறது!

சந்தோஷத்தில் மனிதருக்குப் புத்தி கெட்டுவிட்டது. கழன்ற ஒயரைப் பார்த்தால் அழுத்திவிடுவது அவர் கையின் பழக்கம். கட்டைவிரல் அழுத்தியேவிட்டது.

பச்சை விளக்கு படபடவென்று துடித்தது.

"ஐயோ!" என்று கத்திக்கொண்டே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். முதல் டிஸ்கைப் பார்த்து, கழன்றிருந்த இரண்டாவதையும் அதே மாதிரி திருத்த ஆரம்பித்துவிட்டது பெட்டி. அதாவது, மிச்சமிருந்த மூக்கையும் முதலிலிருந்து அழித்துக்கொண்டே வந்திருக்கிறது. எவ்வளவு தூரம் வந்ததோ தெரியாது. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

இப்போது மிச்சத்தை எப்படி மீட்பது? மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் ஓட்டினால் சீக்கிரம் முடியும். ஆனால் அது அதன்மேலேயே எதையாவது கிறுக்கி வைக்கும். பையில் பட்டன் வைத்த நகல் பெட்டி இருக்கிறது. இரண்டு டிஸ்கைச் செருகி அழுத்தினால் போதும். இடம் மாறிச் செருகினால் காலி டிஸ்க் இதன்மேல் ஏறிவிடும். தன் விரல்களை அவர் அன்றைக்கு நம்பத் தயாராக இல்லை. மூன்றாவது வழி, எழுத முடியாதபடி பூட்டிய ஒரு கருவி வழியாக, டிஸ்கின் ஒவ்வொரு துணுக்கையும் படித்துப் புது டிஸ்கில் இறக்குவது. ஆமை வேகம்.

"பட்டனை அழுத்துடா! அவர் வந்துடுவார்!"

"வரட்டும். உட்காரட்டும். இதுல மட்டும் அவசரப்படுத்தாதேக்கா, உன் கால்ல விழறேன்."

டிரைவர் வந்தார், முகத்தின் நடுவே கட்டோடு. மனைவியும் கூட வந்து சுவரோரமாக உட்கார்ந்தார். உள்ளறையில் திரையில் எண்கள் ஊர்ந்தன. அக்கா நகத்தைக் கடித்தார். ரெட்டையார் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

நகல் முடிந்தது. அந்த நகலில் தேடியபோது ஸ்கேன் கிடைத்தது. நேர்ப்பக்கம் இருந்தது, இடப்பக்கம் இருந்தது. வலப்பக்கம் இல்லை. பிளக்கைப் பிடுங்குவதற்குள் அது போய்விட்டிருந்தது.

கிடைத்த இடப்பாதியையே அக்கா வலப்பக்கத்துக்கும் திருப்பிப் போட்டு, போட்டோவையும் பார்த்துக்கொண்டு மெழுகில் மூக்கைப் பிடித்தார். அழகான, நேரான மூக்கு. டிரைவர் கட்டைப் பிரித்து அதை வைத்து, கண்ணாடியில் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றார். பக்கத்து வீட்டுக்காரரின் சட்டையைப் புகழ்வது போல இருந்தது குரல்.

ரெட்டையாரால் தாங்க முடியவில்லை. "ஒரு பக்கம் அழிஞ்சுபோச்சு சார். தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க" என்றார்.

எழுந்து வந்தது அவர் மனைவி.

"நான் தொடலாமாம்மா?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா தலையாட்டியதும், மெழுகு மூக்கைக் கழற்றி விளக்குச் சூட்டில் இளக்கி மறுபடி வைத்து, கணவரின் முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரலால் வலப்பக்கத்தை மெல்ல அழுத்தினார். மேலே ஒரு சின்ன மேடு. நுனியை ஒரு இழை இந்தப் பக்கம் தள்ளினார். கண்ணைத் திறந்து பார்த்தார், இன்னும் ஒரு இழை தள்ளினார்.

டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார். அவர் கை மேலே எழுந்து, பாதியில் நின்றுவிட்டது.

"இதான்" என்றார் மனைவி. "இந்தக் கோணல் மூக்கைப் பார்த்துட்டுத்தான் பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு வேணாம்னு அழுதேன்."

டிரைவர் சிரிக்க ஆரம்பித்தார். மெழுகு விழுந்துவிடும், அசையாதீர்கள் என்று அக்கா கத்தக் கத்த, அவருக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை.